நெடுநாள் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்வதற்கு முன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் அப்பாவின் பெட்ரோல் கார் தூத்துக்குடி வீட்டில் நிற்கிறது. நான் இருப்பது சென்னையில். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது எட்டு மாதம் ஊர்ப்பக்கம் போக முடியவில்லை. தீபாவளிக்குப் போனதும் புது பேட்டரியை மட்டும் மாட்டி, சாவியைத் திருகினேன். இன்ஜின் பிடித்த சந்தோஷத்தில் ஆக்சிலேட்டரை நாலு மிதி மிதித்தேன். ஐந்தாறு நொடி கடகடவென்று சத்தம், பின்னால் நீலப் புகை, அப்புறம் அடங்கிவிட்டது. அடுத்த வருடத்துக்குள் கார் ஆயில் குடிக்கத் தொடங்கியது. பிரித்துப் பார்த்தால் நான்கு சிலிண்டரில் ஒன்றில் மட்டும் சுவரில் வட்டமாகத் துருக்கறை, அதன்மேல் பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங் உரசிய கோடுகள்.

அந்த இன்ஜினைப் பிரித்த மெக்கானிக் அண்ணாச்சி திட்டவில்லை. "தம்பி, இனிமே வந்தவுடனே சாவிய பையில போடுங்க, பானெட்ட தெறங்க" என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு சொந்தக்காரர்களும் நண்பர்களும் என்னிடம் கேட்ட கேள்விகளையும், நான் கேட்டும் படித்தும் செய்தும் தெரிந்துகொண்ட பதில்களையும் இங்கே எழுதுகிறேன். வெளிநாட்டில் வேலை பார்த்துக்கொண்டு ஊரில் வண்டி வைத்திருப்பவர்களை நினைத்துத்தான் முக்கியமாக எழுதினேன்.

வண்டி சும்மா நிற்கும்போது இன்ஜின் எப்படித் தேயும்? ஓடினால்தானே தேய்மானம்?

நிற்கும்போது தேயாது. தேய்வதற்கான ஏற்பாடுகள் நடக்கும்.

இன்ஜின் ஓடும்போது கிராங்க் ஷாஃப்ட் (பிஸ்டன்கள் சுற்றவைக்கும் தண்டு) தன்னைத் தாங்கும் பேரிங்கைத் தொடுவதே இல்லை. ஆயில் பம்ப் தள்ளும் எண்ணெய் நடுவில் ஒரு மெல்லிய படலமாக நின்று, ஷாஃப்டைத் தூக்கிப் பிடித்திருக்கும். அந்தப் படலத்தின் கனம் ஒரு தலைமுடியின் கனத்தில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. இன்ஜினை நிறுத்தியதும் அழுத்தம் போய்விடும், ஷாஃப்ட் பேரிங் மேல் உட்கார்ந்துவிடும். மேலே வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்டிலும் வால்வுப் பகுதியிலும் இருக்கும் எண்ணெய் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே ஆயில் தங்கும் தொட்டியான சம்புக்கு வடிந்துவிடும்.

முழுதாக வடிந்துவிடுமா என்றால் இல்லை. பேரிங் இடுக்கில் சிறிதளவு எண்ணெய் பல மாதம் தங்கும். ஆயிலில் கலந்திருக்கும் துத்தநாக, பாஸ்பரஸ் சேர்மங்கள் உலோகத்தின் மேல் ஒரு காப்புப் பூச்சாகவும் படிந்திருக்கும். அதனால் ஒரு வாரம், பத்து நாள் நின்ற வண்டியைப் பற்றிக் கவலைப்பட ஒன்றுமில்லை.

மாதக்கணக்கில் நிற்கும்போது மாட்டிக்கொள்வது சிலிண்டர் சுவர்தான். அங்கே பம்ப் நேராக எண்ணெய் அனுப்புவதில்லை. கீழே சுழலும் கிராங்கிலிருந்து தெறிப்பதும், சில இன்ஜின்களில் பிஸ்டனுக்கு அடியில் பீய்ச்சுவதும்தான் சுவரை நனைக்கின்றன. அந்த ஈரம் வடிந்துபோனால் வெறும் இரும்பு. நான்கு சிலிண்டர் இன்ஜின் எந்த நிலையில் நின்றாலும் ஏதாவது ஒரு சிலிண்டரில் வால்வு திறந்தபடியே நிற்கும். அந்த வழியாக வெளிக்காற்று உள்ளே போகும். எங்கள் காரில் ஒரே ஒரு சிலிண்டரில் மட்டும் துரு வந்ததற்குக் காரணம் இதுதான் என்று அண்ணாச்சி கையால் காட்டிப் புரியவைத்தார். கடலோர ஊரில் அந்தக் காற்றில் உப்பும் இருக்கிறது.

துரு என்பது மெல்லிய உப்புத்தாள் மாதிரி. முதல் தடவை பிஸ்டன் மேலும் கீழும் போகும்போது ரிங் அதன்மேல்தான் உரசும். அந்த நேரத்தில் எண்ணெய் இருந்ததா, எவ்வளவு வேகத்தில் உரசியது என்பதைப் பொறுத்துத்தான் சேதம் சிறியதா பெரியதா என்பது முடிவாகிறது.

வெளிநாட்டு வீடியோக்களில் குளிர்கால ஸ்டார்ட்டைப் பற்றி நிறையச் சொல்கிறார்கள். அது நமக்கும் பொருந்துமா?

பாதிதான் பொருந்தும். கனடாவில் மைனஸ் 20 டிகிரியில் ஆயில் தேன் மாதிரி கெட்டியாகிவிடும், பம்ப் இழுக்கவே திணறும். நம் ஊரில் மார்கழி விடியற்காலையிலும் 20 டிகிரிக்குப் பக்கத்தில்தான் இருக்கும். ஆயில் நன்றாகவே ஓடும். ஊட்டி, கொடைக்கானலில் கொஞ்சம் வித்தியாசம், அவ்வளவுதான்.

நமக்கு எதிரிகள் வேறு: ஐப்பசி, கார்த்திகை மழை ஈரம், கடல் காற்று, எலி, பழைய பெட்ரோல். அதனால் அந்த வீடியோக்களில் வரும் ஹீட்டர்களைத் தேடாதீர்கள். பானெட்டைத் திறந்து பார்ப்பதில்தான் நம் பாதுகாப்பு இருக்கிறது.

எத்தனை நாள் நின்றால் தனிக் கவனம் வேண்டும்?

ஒரு மாதம் வரை சாதாரணமாக ஸ்டார்ட் செய்யலாம். ஆயில் அளவைப் பாருங்கள், பிடித்ததும் ரேஸ் பண்ணாதீர்கள், போதும்.

ஒன்றிலிருந்து மூன்று மாதம் என்றால் பேட்டரியை சார்ஜ் செய்து, பானெட் சோதனை முடித்து, பிறகு ஸ்டார்ட் செய்யுங்கள். மூன்று மாதத்தைத் தாண்டினால், இன்ஜினை வெடிக்க விடாமல் (அதாவது உள்ளே பெட்ரோல் எரிய விடாமல், முறை கீழே இருக்கிறது) முதலில் வெறுமனே சுற்றவிடுவது நல்லது. ஒரு வருடம் தாண்டிய வண்டி, அல்லது கடலோரத்தில் ஒரு மழைக்காலம் முழுக்கத் திறந்த வெளியில் நின்ற வண்டி என்றால், ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி சிலிண்டருக்குள் எண்ணெய் விட்டு, கையால் சுற்றிப் பார்க்காமல் செல்ஃப் அடிக்கவே கூடாது என்பேன்.

இந்த நாள் கணக்கு கோடு கிழித்த மாதிரி இல்லை. கோயம்புத்தூரில் மூடிய கராஜில் ஆறு மாதம் நின்ற கார், நாகப்பட்டினத்தில் தார்ப்பாய்க்கு அடியில் மூன்று மாதம் நின்ற காரைவிட நல்ல நிலையில் இருக்கலாம்.

பானெட்டைத் திறந்து என்னென்ன பார்க்க வேண்டும்?

முதலில் ஏர் ஃபில்டர் பெட்டி. எல்லோரும் விட்டுவிடுவது இதைத்தான். எலி உள்ளே போய்த் துணி, தேங்காய் நார், ஃபில்டர் தாள் எல்லாவற்றையும் கிழித்துக் கூடு கட்டியிருக்கும். கிழிந்த ஃபில்டரோடு ஸ்டார்ட் செய்தால் தூசியும் நாரும் நேராக சிலிண்டருக்குள் போகும். எண்ணெய் குறைவாக இருக்கும் சுவரில் மண் தூசி சேர்ந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. நாலு கிளிப்பைக் கழற்றிப் பார்க்க ஐந்து நிமிடம்.

அடுத்து வயர்கள், ரப்பர் குழாய்கள். எலி கடித்த பெட்ரோல் குழாய் என்றால் தேய்மானத்தைவிடப் பெரிய பிரச்சினை, தீப்பிடிக்கும். பெட்ரோல் வாடை அடித்தால் அங்கேயே நிறுத்துங்கள்.

பிறகு டிப் ஸ்டிக், அதாவது ஆயில் அளவு பார்க்கும் கம்பி. அளவு குறைந்திருந்தால் கீழே தரையில் கறை இருக்கிறதா பாருங்கள். நிறமும் முக்கியம். கறுப்பு என்றால் பழைய ஆயில், பரவாயில்லை. பால் கலந்த டீ மாதிரி இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது, ஸ்டார்ட் செய்யவே கூடாது. அளவு நிறுத்தும்போது இருந்ததைவிட அதிகமாக இருந்தால் பெட்ரோலோ தண்ணீரோ உள்ளே இறங்கியிருக்கிறது, அதுவும் ஆபத்துதான். கூலன்ட் அளவையும் ஒரு பார்வை பாருங்கள்.

எலிக்குப் புகையிலை வைப்பது நம் ஊர் வழக்கம். நானும் வைக்கிறேன். வாடை இருக்கும்வரை ஓரளவு பலன் உண்டு, அப்புறம் அது வெறும் சருகு. அதை நம்பிக் கூட்டைத் தேடாமல் விட்டுவிடாதீர்கள்.

பேட்டரி இறங்கிவிட்டது. வேறு பேட்டரியிலிருந்து வயர் கொடுத்து ஜம்ப் ஸ்டார்ட் செய்தால் போதாதா?

வண்டி பிடிக்கும், உண்மைதான். ஆனால் வலுவில்லாத பேட்டரி இன்ஜினை மெதுவாகச் சுற்றும். ஆயில் பம்ப் இன்ஜின் சுழலும் வேகத்தில்தான் சுழல்கிறது. செல்ஃப் இழுத்து இழுத்துச் சுற்றும்போது எண்ணெய் சரியாக ஏறாது, சிலிண்டருக்குள் பெட்ரோல் மட்டும் சேர்ந்துகொண்டே இருக்கும். அந்தப் பெட்ரோல் சுவரில் மிச்சமிருக்கும் எண்ணெயையும் கழுவிவிடும்.

நேரமிருந்தால் சார்ஜரில் ஒரு ராத்திரி போட்டு, காலையில் ஸ்டார்ட் செய்யுங்கள். ஓய்வில் இருக்கும் பேட்டரி 12.6 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ். 12-க்குக் கீழே என்றால் காலி என்றே வைத்துக்கொள்ளலாம்.

இறங்குவதற்குக் காரணம் பேட்டரியின் குறையாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. இப்போதைய கார்கள் பூட்டி நிற்கும்போதும் அலாரம், கம்ப்யூட்டர், ரிமோட் எல்லாவற்றுக்கும் கொஞ்சம் மின்சாரம் எடுக்கும். 30 மில்லி ஆம்பியர் என்று வைத்துக்கொண்டால் ஒரு நாளைக்கு 0.72 ஆம்பியர் அவர். 35 ஆம்பியர் அவர் பேட்டரியில் ஒரு மாதத்துக்குள் பாதிக்கு மேல் போய்விடும். ஊருக்குக் கிளம்பும்போது நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றி வைத்தால் இந்தத் தொல்லை இல்லை.

இன்ஜினை வெடிக்க விடாமல் சுற்றவிடுவது என்றால் என்ன? எப்படிச் செய்வது?

இந்த ஒன்றைத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. பெட்ரோல் எரிந்து பிஸ்டனைத் தள்ளும்போதுதான் பேரிங் மேல் பெரிய சுமை விழுகிறது. அந்தச் சுமை விழுவதற்கு முன்பே எண்ணெயை மேலே ஏற்றிவிட வேண்டும். செல்ஃப் மோட்டார் இன்ஜினை நிமிடத்துக்கு 200, 250 சுற்று அளவில்தான் சுற்றும். அந்த மெதுவான ஓட்டத்தில் பம்ப் எண்ணெயை இழுத்து ஃபில்டரை நிரப்பி, வழிகளில் ஏற்றிவிடும்.

பெட்ரோல் காரில் சுலபமான வழி, ஃப்யூஸ் பெட்டியில் ஃப்யூயல் பம்ப் ஃப்யூஸையோ ரிலேயையோ கழற்றிவிடுவது. எது என்று மூடியின் உள்பக்கத்திலோ வண்டியோடு வந்த புத்தகத்திலோ இருக்கும். கியரை நியூட்ரலில் வைத்து, ஐந்திலிருந்து பத்து நொடி செல்ஃப் அடியுங்கள். குழாயில் மிச்சமிருக்கும் பெட்ரோலால் ஒன்றிரண்டு தடவை வெடிக்கலாம், பயப்பட வேண்டாம். அடித்தபின் ஒரு நிமிடம் செல்ஃப் மோட்டார் ஆறட்டும். இப்படி மூன்று நான்கு முறை. பல வண்டிகளில் சுற்றும்போதே டேஷ்போர்டில் எண்ணெய்க் குடுவை படம் போட்ட சிவப்பு விளக்கு அணைவதைப் பார்க்கலாம். அணைந்தால் அழுத்தம் வந்துவிட்டது என்று அர்த்தம். பிறகு ஃப்யூஸை மாட்டி வழக்கம்போல ஸ்டார்ட் செய்யுங்கள்.

ஆக்சிலேட்டரை முழுக்க அழுத்திப் பிடித்துக்கொண்டு செல்ஃப் அடித்தால் பெட்ரோல் வராது என்று சிலர் சொல்வார்கள். பல இன்ஜெக்ஷன் கார்களில் அந்த ஏற்பாடு இருக்கிறது. உங்கள் காரில் இல்லாமல் போனால், எண்ணெய் ஏறாத இன்ஜின் முழு வேகத்தில் எகிறும். நாம் எதைத் தவிர்க்க நினைத்தோமோ அதையே செய்த மாதிரி ஆகிவிடும். அதனால் நான் ஃப்யூஸ் வழியைத்தான் சொல்வேன்.

சிலிண்டருக்குள் எண்ணெய் விடுவதை நானே செய்யலாமா?

ஸ்பேனர் பிடித்துப் பழக்கம் இருந்தால் செய்யலாம், இல்லையென்றால் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். அரை மணி நேர வேலைதான்.

பிளக் குழிகளைச் சுற்றியுள்ள மண்ணை முதலில் ஊதித் தள்ளிவிட்டுத்தான் பிளக்கைக் கழற்ற வேண்டும். இல்லையென்றால் அத்தனையும் உள்ளே விழும். ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு டீஸ்பூன், அதாவது 5 மில்லி சுத்தமான இன்ஜின் ஆயில் போதும். நிறைய விட்டால் நல்லது என்று அரை டம்ளர் ஊற்றிவிடாதீர்கள். எண்ணெயும் தண்ணீர் மாதிரிதான், அமுங்காது. பிளக்கை மாட்டிச் சுற்றினால், பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடு வளையும்.

விட்டபிறகு சில மணி நேரம், முடிந்தால் ஒரு ராத்திரி ஊறவிடுங்கள். அடுத்து கிராங்க் புல்லி (கிராங்க் ஷாஃப்ட் முனையில் பெல்ட் ஓடும் சக்கரம்) நடுவில் இருக்கும் போல்ட்டில் சாக்கெட் மாட்டி, இன்ஜின் சுற்றும் திசையில் மெதுவாகக் கையால் இரண்டு சுற்று. ஒரே சீராகச் சுற்றினால் நிம்மதி. எங்காவது பிடித்து நின்றால் பலத்தைக் காட்டாதீர்கள், அங்கேயே நிறுத்திவிட்டு மெக்கானிக்கிடம் விடுங்கள். ரிங் துருவோடு ஒட்டியிருக்கலாம். துரு இளக்கும் எண்ணெய் விட்டு இரண்டு மூன்று நாள் ஊறவைத்துத்தான் எடுப்பார்கள். அந்த நிலையில் செல்ஃப் அடித்தாலோ, கியரில் போட்டுத் தள்ளினாலோ ரிங் உடையும்.

கையால் சுற்றியபின், பிளக் இல்லாமலேயே, ஃப்யூயல் பம்ப் ஃப்யூஸையும் பிளக் காயில்களின் இணைப்பையும் கழற்றிய நிலையில், சில நொடி செல்ஃப் அடிக்கலாம். குழிகள் மேல் ஒரு துணியைப் போட்டுவிடுங்கள், எண்ணெய் பீய்ச்சும். பிளக்கை மாட்டி ஸ்டார்ட் செய்ததும் ஓரிரு நிமிடம் நீலப் புகை வரும். நாம் விட்ட எண்ணெய் எரிகிறது, அவ்வளவுதான். நாலைந்து நாள் ஓட்டியும் நீலப் புகை நிற்கவில்லை என்றால் ரிங்கைச் சோதிக்க வேண்டும்.

ஸ்டார்ட் ஆகிவிட்டது. உடனே கிளம்பலாமா, சூடாகும்வரை நிறுத்தி வைக்கலாமா?

முதல் மூன்று நொடி எண்ணெய் விளக்கை மட்டும் பாருங்கள். அதற்குள் அணைய வேண்டும். ஐந்து நொடியாகியும் எரிந்தால் சாவியைத் திருப்பி அணைத்துவிடுங்கள். மஞ்சள் நிறத்தில் எரியும் செக் இன்ஜின் விளக்கு வேறு, இது வேறு. டிக் டிக்கென்று மேலே வால்வுப் பக்கம் சில நொடி சத்தம் வந்து அடங்கினால் பரவாயில்லை. கீழிருந்து டொக் டொக்கென்று கனத்த சத்தம் வந்தால் உடனே நிறுத்துங்கள், பேரிங் கேட்கும் உதவி அது.

விளக்கு அணைந்ததும் ஆக்சிலேட்டரைத் தொடாமல் ஒரு நிமிடம் விடுங்கள். அதற்குள் பிரேக் சரியாகப் பிடிக்கிறதா, டயரில் காற்று இருக்கிறதா, எங்கேயாவது சொட்டுகிறதா என்று பார்த்துவிடலாம். அப்புறம் கிளம்புங்கள், மெதுவாக. முதல் ஐந்து கிலோமீட்டர் 2000, 2500 சுற்றைத் தாண்ட வேண்டாம், முக்கி இழுக்கவும் வேண்டாம். வெப்பநிலை முள் நடுவுக்கு வந்துவிட்டது என்பதற்காக ஆயில் சூடாகிவிட்டது என்று எண்ணாதீர்கள். கூலன்ட் சூடான பிறகும் ஆயில் சூடாக இன்னும் பல நிமிடம் பிடிக்கும்.

வீட்டு வாசலில் அரை மணி நேரம் ஓடவிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. நின்ற இடத்தில் ஓடும் இன்ஜின் மிக மெதுவாகச் சூடாகும். குளிர்ந்த இன்ஜினுக்குக் கம்ப்யூட்டர் அதிகப் பெட்ரோல் கொடுத்துக்கொண்டே இருக்கும், அதில் கொஞ்சம் ஆயிலோடு கலக்கும். ரேஸ் பண்ணிச் சூடாக்குவது அதைவிட மோசம். நான் 2020-ல் செய்தது அதுதான்.

ஊரில் இருக்கும் தம்பி வாரம் ஒருமுறை ஸ்டார்ட் செய்து பத்து நிமிடம் ஓடவிடுகிறான். அது நல்லதுதானே?

நல்ல மனதோடு செய்கிறார். ஆனாலும் இதை நிறுத்தச் சொல்லுங்கள். இந்தக் கேள்விக்கு மட்டும் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் தமிழ்நாட்டில் பாதி வீடுகளில் இந்தப் பழக்கம் இருக்கிறது.

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உண்டாகும். பெட்ரோலில் இருக்கும் ஹைட்ரஜன் காற்றின் ஆக்ஸிஜனோடு சேர்வதால் வருவது அது. பெரும்பகுதி சைலன்ஸர் வழியாகப் போய்விடும். காலையில் சைலன்ஸரிலிருந்து தண்ணீர் சொட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு சிறு பகுதி ரிங் இடுக்கு வழியாகக் கீழே ஆயில் பக்கம் இறங்கும். தினமும் 20, 30 கிலோமீட்டர் ஓடும் வண்டியில் ஆயில் 80, 90 டிகிரிக்கு மேல் சூடாகி அந்த ஈரத்தை ஆவியாக்கி வெளியேற்றிவிடும். பத்து நிமிடம் வாசலில் ஓடி அணைந்த இன்ஜினில் அந்தச் சூடே வராது. ஈரம் உள்ளேயே தங்கும். அடுத்த வாரம் இன்னும் கொஞ்சம் சேரும். மூன்று மாதம் கழித்து ஆயில் மூடியைத் திறந்தால் அடியில் வெண்ணெய் மாதிரி வெளுத்த கசடு ஒட்டியிருக்கும்.

ஒவ்வொரு வாரமும் ஒரு குளிர்ந்த ஸ்டார்ட் வேறு. செல்ஃப் எடுத்த மின்சாரத்தைப் பத்து நிமிட ஓட்டம் சரியாகத் திருப்பித் தருவதும் சந்தேகம்தான்.

தம்பியிடம் இப்படிச் சொல்லுங்கள்: இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை எடுத்து, ஒரே மூச்சில் 20 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வா. திருச்செந்தூர் வரை போய்வந்தாலும் சந்தோஷம். அதற்கு வழியில்லை என்றால், பேட்டரியைக் கழற்றிவிட்டு வண்டியைத் தொடாமலே விட்டுவிடு.

ஆயிலை எப்போது மாற்றுவது? நிறுத்துவதற்கு முன்பா, எடுத்த பிறகா?

நிறுத்துவதற்கு முன்பு. பெரும்பாலானோர் "நிற்கப்போகிற வண்டிக்கு எதற்குப் புது ஆயில்" என்று நினைத்துத் திரும்பி வந்து மாற்றுகிறார்கள். ஓடிப் பழகிய ஆயிலில் ஈரமும் எரிபொருள் கழிவில் வரும் அமிலமும் இருக்கும். ஆறு மாதம் பேரிங்குகள் அதில்தான் ஊறும். கிளம்புவதற்கு முன் மாற்றி, 20 கிலோமீட்டர் ஓட்டி எல்லா இடத்துக்கும் புது ஆயில் போய்ச் சேர்ந்தபின் நிறுத்துங்கள்.

முன்பு மாற்றவில்லை, திரும்பி வந்துவிட்டீர்கள் என்றால்? ஒரு வருடத்துக்குள் இருந்து, டிப் ஸ்டிக்கில் ஆயில் பார்க்க நன்றாக இருந்தால், அதிலேயே ஸ்டார்ட் செய்து ஒரு நல்ல ஓட்டம் ஓட்டுங்கள். சூடாக இருக்கும்போதே வடித்து மாற்றினால் கசடும் சேர்ந்து வந்துவிடும். ஒரு வருடத்தைத் தாண்டிவிட்டால் முதலில் மாற்றிவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். புது ஃபில்டர் காலியாக இருக்கும், நிமிர்ந்து மாட்டும் வகை என்றால் அதில் எண்ணெய் ஊற்றி நிரப்பி மாட்டச் சொல்லுங்கள்.

தரம் விஷயத்தில் புத்தகத்தில் போட்டிருப்பதைத்தான் ஊற்ற வேண்டும். "நிக்கிற வண்டிதானே, கெட்டியா ஊத்துங்க" என்று மெல்லிய 0டபிள்யூ-20 ஆயில் கேட்கும் இன்ஜினில் கெட்டியான 20டபிள்யூ-50 ஊற்றினால், ஸ்டார்ட் ஆகும் நேரத்தில் இடுக்குகளுக்குப் போய்ச் சேர அதிக நேரம் எடுக்கும். தேய்மானத்தை நிறுத்தும் என்று டப்பாவில் விற்கும் கூடுதல் திரவங்கள் எதையும் நான் ஊற்றுவதில்லை. அந்தப் பணத்துக்கு ஒரு நல்ல ஆயில் ஃபில்டர் வாங்கலாம். நல்ல ஃபில்டரில் எண்ணெய் பின்னால் வடியாமல் தடுக்கும் ரப்பர் வால்வு சரியாக இருக்கும், ஸ்டார்ட் செய்யும் நொடியில் அது உதவும்.

பழைய பெட்ரோலால் இன்ஜின் தேயுமா?

நேரடியாக இல்லை, சுற்றிவளைத்து. ஆறு மாதப் பெட்ரோலில் சீக்கிரம் ஆவியாகும் பகுதி குறைந்துவிடும். ஸ்டார்ட் ஆகாது, நாம் செல்ஃப் அடித்துக்கொண்டே இருப்போம், எரியாத பெட்ரோல் சுவரைக் கழுவும்.

இப்போது பங்க்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். 2023 பிப்ரவரியில் தொடங்கி படிப்படியாக நாடு முழுக்க வந்துவிட்டது. எத்தனால் காற்றின் ஈரத்தை இழுக்கும். ஓரளவு ஈரத்தைத் தாங்கிக்கொள்ளும், அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து தனியாகப் பிரிந்து டேங்க் அடியில் தங்கிவிடும். பம்ப் இழுப்பதும் அடியிலிருந்துதான். அதனால் நிறுத்தும்போது டேங்கை நிரப்பி நிறுத்துங்கள், உள்ளே காற்றுக்கு இடம் குறையும். திரும்பி வந்ததும் புதுப் பெட்ரோல் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளலாம். வார்னிஷ் வாடை அடித்தால் வடித்துவிடுவதுதான் வழி.

டீசல் காருக்கு வேறு முறையா?

பெரும்பாலும் இதேதான். டீசல் ஃபில்டரில் சேர்ந்த தண்ணீரை வடித்துவிட்டுத் தொடங்குங்கள். டர்போ இருப்பதால் முதல் ஒரு நிமிடம் ஆக்சிலேட்டரைத் தொடவே கூடாது. டர்போ ஷாஃப்ட் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றக்கூடியது, அதன் பேரிங் எண்ணெயை நம்பித்தான் இருக்கிறது. பிஎஸ்6 புகை விதிப்படி வந்த டீசல் கார் என்றால் வாசலில் ஓடவிடும் பழக்கத்தை அறவே விடுங்கள், சைலன்ஸரில் இருக்கும் புகைக்கரி வடிகட்டி அடைத்துக்கொள்ளும்.

பைக், ஸ்கூட்டருக்கு?

கிக்கர் இருக்கும் வண்டி என்றால் இதைவிடச் சுலபம் இல்லை. சாவியை ஆஃபில் வைத்து, மெதுவாகப் பதினைந்து இருபது கிக். கால் அழுத்தத்திலேயே உள்ளே பிடிக்கிறதா, வழுக்கிப் போகிறதா என்று தெரிந்துவிடும். பழைய புல்லட்டில், சிலிண்டர் அழுத்தத்தை வெளியேவிடும் டீகம்ப்ரஸர் லீவரைப் பிடித்துக்கொண்டு இதைச் செய்யலாம். அந்தப் பழைய இரும்பு இன்ஜின் புல்லட்டில் நின்ற நாட்களில் எண்ணெய் கிராங்க் பக்கம் இறங்கிவிடும் பழக்கம் உண்டு. முதலில் புகை கக்கினால் மிரள வேண்டாம், பம்ப் இழுத்துத் திரும்ப அனுப்பிவிடும். அதே காரணத்தால் நீண்ட நாள் கழித்து அளவு பார்க்கும்போது குறைவாகக் காட்டும். அதை நம்பி மேலே ஊற்றினால் அதிகமாகிவிடும். கொஞ்சம் ஓட்டிவிட்டு மறுபடி பாருங்கள்.

ஒரு வருடம் நின்ற பைக் என்றால் பிளக்கைக் கழற்றி ஒரு டீஸ்பூன் எண்ணெய் விடுவது பத்து நிமிட வேலை, யாரும் செய்யலாம். கார்புரேட்டர் வண்டியை நிறுத்தும்போது பெட்ரோல் டேப்பை மூடி, கார்புரேட்டரில் இருப்பதையும் வடித்துவிடுங்கள். கியர் பைக்குகளில் கிளட்ச் அதே ஆயிலில் நனைந்து ஓடுவதால் காரில் மிச்சமான ஆயிலை ஊற்றக்கூடாது, டப்பாவில் ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 என்று இருக்க வேண்டும்.

வெள்ளத்தில் நின்ற வண்டியை எப்படி ஸ்டார்ட் செய்வது?

செய்யவே கூடாது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் நனைந்த கார்கள், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் நனைந்தவை, அதே மாதம் தூத்துக்குடி, திருநெல்வேலியில் மூழ்கியவை என்று எத்தனையோ வண்டிகள். தண்ணீர் வடிந்ததும் "ஓடுதா பார்ப்போம்" என்று சாவியைத் திருகுவது மனித இயல்பு. சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் அது அமுங்காது, கனெக்டிங் ராடு வளைந்துவிடும். சுத்தம் செய்து பிழைத்திருக்கக்கூடிய இன்ஜின் அந்த ஒரு திருகலில் போய்விடும். தண்ணீர் சக்கர நடுவைத் தாண்டி ஏறியிருந்தால் பேட்டரியைக் கழற்றுங்கள், படம் எடுத்து இன்சூரன்ஸுக்குச் சொல்லுங்கள், தூக்கிச் செல்லும் வண்டியை வரவழையுங்கள். சாவியை யார் கையிலும் கொடுக்க வேண்டாம்.

அடுத்த மாதம் ஆறு மாதத்துக்கு வெளிநாடு போகிறேன். இப்போது என்ன செய்துவிட்டுப் போவது?

ஆயிலும் ஃபில்டரும் மாற்றுங்கள். டேங்கை நிரப்பி, ஒரு நல்ல தூரம் ஓட்டி, சூடாக இருக்கும்போதே நிழலில், முடிந்தால் சிமென்ட் தரையில் நிறுத்துங்கள். மண் தரை என்றால் மழை ஈரம் கீழிருந்தே ஏறும். ஹேண்ட் பிரேக் போடாமல் முதல் கியரில் விட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் செங்கல் வையுங்கள், பிரேக் ஒட்டிக்கொள்ளாது. டயரில் வழக்கத்தைவிட நாலைந்து பவுண்டு காற்று கூட அடியுங்கள். பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றுங்கள்.

இன்ஜின் ஆறியபின் சைலன்ஸர் வாயையும் ஏர் ஃபில்டருக்குக் காற்று போகும் வாயையும் துணியால் அடைத்துவிடுங்கள். ஈரக்காற்றும் எலியும் இன்ஜின் பக்கம் உள்ளே போகும் முக்கிய வழிகள் அவை. அடைத்ததை ஒரு தாளில் பெரிதாக எழுதி ஸ்டீயரிங்கில் ஒட்டுங்கள்: "சைலன்ஸரிலும் ஏர் ஃபில்டரிலும் துணி இருக்கிறது. பேட்டரி கழற்றியிருக்கிறது. எடுக்காமல் ஸ்டார்ட் செய்ய வேண்டாம்." எங்கள் கார் ஸ்டீயரிங்கில் அந்தத் தாள் இப்போதும் ஒட்டியிருக்கிறது, அம்மாவின் கையெழுத்தில்.